கறுப்பு மையில் நான் எழுதிய தேதிகள்

சனிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதெல்லாம் பிறகு. முதலில் இந்தக் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே உங்கள் சாமான் அறைக்குப் போ. ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் அனுப்பிய அட்டைப்பெட்டியில் சாப்பாட்டுப் பாக்கெட் நாற்பது இருந்தது, எல்லாவற்றிலும் மேல் மூலையில் கறுப்பு மார்க்கரால் என் கையெழுத்தில் தேதி போட்டிருப்பேன். அதில் ஒன்றைக்கூட இனி யாரும் சாப்பிடக் கூடாது. நீயும் கூடாது, உன்னோடு அங்கே இருக்கிற வயர்லெஸ்காரரும் கூடாது, கருவிகளைப் பழுது பார்க்கிற அந்தத் தம்பியும் கூடாது. இப்போது அடுப்பில் அதில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணை. அணைத்துவிட்டு வந்து மீதியைப் படி.

அணைத்தாயிற்றா, சரி. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய், சொல்லாமல் இருப்பேனா. உங்கள் வானிலை நிலையத்துக்கு நேராகப் போன் வராது என்பதால் கீழே இருக்கிற அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமையே பேசினேன். எடுத்த குமாஸ்தா நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கேட்டுக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, நடுவில் யாரிடமோ டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறேன் என்றார். வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டுக் கேட்டால், சொல்லிட்டேன்னுதான் நினைக்கிறேம்மா, மழையில ஒரே இரைச்சல், ஆனா அந்தப் பக்கத்துலேருந்து சரின்னு ஏதோ கேட்டுச்சு என்கிறார். நினைக்கிறாராம், ஏதோ கேட்டதாம், மலை மேல் இருப்பது அவர் பெற்ற பிள்ளையா என்ன. வயர்லெஸ் வேலை செய்கிறதா என்றால், நேற்று சாயங்காலத்திலிருந்து இல்லை என்று அதையும் சாவகாசமாகச் சொல்கிறார். சாமான் லாரி நாளைக் காலை கிளம்புகிறது, பெருமழை பிடிப்பதற்கு முன்னால் இதுதான் கடைசி நடை, இதற்கப்புறம் பாதை திறக்க இரண்டு மாதம் ஆகும் என்று டிரைவரே சொன்னார். அதனால்தான் அவர் கையில் இந்தக் கடிதம். மற்றக் கடிதங்களோடு பையில் போடாதீங்க, உங்க சட்டைப் பையில வையுங்க, இறங்கினதும் முதல்ல இதைத்தான் குடுக்கணும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குத் தையல் கடை லீவு, எனக்கும் சமைக்கச் சோம்பல், உனக்கு அனுப்பிய அதே பட்டாணி சூப்பில் மீதி இருந்த ஒரு பாக்கெட்டைச் சூடு பண்ணி வைத்தேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, தட்டில் வைத்ததைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்த பிறகு இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிற ஆள். அந்த ஆள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். என்னமோ வாடை அடிக்குதே என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் பார்த்துத் தேதி போட்டது, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது என்று சொல்லி, அவருக்குக் காட்டுவதற்காகவே என் தட்டில் இருந்ததில் நாலு கரண்டி மடமடவென்று சாப்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேணாம், நிஜமாவே நாறுது, உனக்குத் தெரியலையா என்று கேட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் இந்த மனிதர் என் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது, அதனால் பொய்யாக இருக்காது என்று எனக்கே தோன்றியது. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் சமையலறைக்குப் போய்க் காபித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். ஒன்றும் இல்லை. பூண்டை நசுக்கினேன், ஒன்றும் இல்லை. தலைவலித் தைலத்தை எடுத்து மூக்கில் தடவினேன், கண் எரிந்தது, தண்ணீர் கொட்டியது, வாசனை மட்டும் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்ததே, நீகூட ஆவி பிடி ஆவி பிடி என்று எழுதியிருந்தாயே, அப்போது போனது திரும்பி வரவே இல்லை. இத்தனை நாள் எப்படித் தெரியாமல் இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூக்கு போனால் கண் இருட்டினாற்போலத் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையடி. வாடை எதுவும் வராவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் தெரிகிறது. வீடு சுத்தமாக இருக்கிறது, குப்பை நாறவில்லை, பால் கெடவில்லை, உலகமே ஒழுங்காகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். சாப்பாட்டில் ருசி குறைந்ததற்கு வயசாகிவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் சாப்பாட்டுப் பாக்கெட் கம்பெனியில் நடந்ததுதான் பெரிய கூத்து. எங்கள் சாம்பிள் அறை எப்படி என்று உனக்குத் தெரியும், உன்கூட இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டு, அவர்களுக்கும் புரியட்டும். ஒவ்வொரு தடவை சரக்குப் போடும்போதும் அதில் கொஞ்சம் பாக்கெட்டை எடுத்து எங்கள் அலமாரியில் வைத்துவிடுவோம். மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து, நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முகர்ந்து, ருசி பார்த்து, அவரவர் தாளில் எழுதுவோம். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். தாளை யாரும் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக மூக்கம்மா என்று பேர் வாங்கியிருக்கிறேன் இல்லையா. எதைச் சாப்பிட்டாலும் உப்புக் குறைவு என்கிற நம்ம உப்பு அக்கா இருக்கிறாளே, அவள் என் மூக்குச் சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவையே திறப்பாள். பாக்கெட்டில் ஒன்பது மாதம் என்று அச்சடிப்பதைப் பன்னிரண்டு மாதமாக மாற்ற முடியுமா என்று கம்பெனி சோதனை வைத்திருந்தது. பதினோராவது மாதப் பட்டாணி சூப்பை எங்கள் மேஜையில் வைத்தார்கள். நான் முகர்ந்தேன், ஒன்றும் வரவில்லை, மாற்றம் இல்லை என்று எழுதினேன். உப்பு அக்கா என்னைப் பார்த்தாள், அவளும் மாற்றம் இல்லை என்று எழுதினாள், மற்ற இரண்டு பேரும் அப்படியே. பிறகு கேட்டால், எனக்கு என்னமோ லேசாகக் காறல் வாடை வந்துச்சு, ஆனா உனக்கே வரலையேன்னு விட்டுட்டேன் என்கிறாள். அந்தச் சூப்பில் அலமாரியில் மிஞ்சியதையும், கோழிக்கறி, காய்கறிச் சோறு கொஞ்சத்தையும்தான், தேதி முடிந்ததை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பழக்கப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து முகர்ந்து, இன்னும் நாலு மாதம் தாங்கும் என்று என் கையாலேயே எழுதி, உனக்குக் கட்டி அனுப்பினேன். பாதை மூடுகிற காலத்தில் நீ பட்டினி கிடக்கக் கூடாது என்று செய்தது.

திங்கட்கிழமை காலையில் லேப் வாசலில் போய் நின்றேன். லேப் அதிகாரி உன் வயசுப் பெண், அளந்து பேசுவாள், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று உன்னிடம்கூடக் கேலி பேசினேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் திட்டவில்லை. மூன்று சின்னப் புட்டிகளை எடுத்து வைத்து, முகர்ந்து பார்த்துச் சொல்லுங்க என்றாள். மூன்றும் தண்ணீர் என்றேன். ஒன்று வினிகர், ஒன்று காறிப்போன எண்ணெய், மூன்றாவது தண்ணீரேதான். ஒண்ணு சரியா சொல்லிட்டீங்களேக்கா என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்ட சோதனை எத்தனை என்று எண்ணினோம், பதினேழு. எல்லாவற்றையும் மறுபடி செய்யப் போகிறார்கள். பன்னிரண்டு மாதம் என்று அச்சடித்த பாக்கெட் எதுவும் கடைக்குப் போகவில்லை, நல்ல வேளை.

அப்போதுதான் உன் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மூக்கு நல்லாயிருந்தப்போ எப்படித் தேதி போடுவீங்க என்று கேட்டாள். சோறு கெட்டியாகும், கெடாது, தக்காளி போட்டதில் முதலில் ஒரு இரும்பு ருசி வரும், எண்ணெய் மிதக்கிறதுதான் சீக்கிரம் காறும், பட்டாணி எல்லாவற்றையும்விடத் தாங்கும் என்று பெருமையாக ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், அக்கா, வாடை வந்தா கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம், வாடை வரலைன்னா நல்லாயிருக்குன்னு சொல்ல முடியாது, சில கெடுதல் மூக்குக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது, அதுதான் மோசமானது என்று. அச்சடித்த தேதிக்கு மறுநாளே எல்லாம் விஷமாகிவிடாதாம், ஆனால் எவ்வளவு சூட்டில் கிடந்தது, லாரியில் எங்கே இடிபட்டது, ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறதா என்பதை வீட்டில் உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாதாம். அந்த அலமாரிப் பாக்கெட்டுகளில் பாதியைச் சூடான அறையில் வேறு வைத்து எடுத்திருக்கிறார்கள், சீக்கிரம் கெடுகிறதா என்று பார்க்க. உனக்கு அனுப்பியதில் அதுவும் கலந்திருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த அலமாரியிலும் இந்த அலமாரியிலும் எடுத்தேன், முகர்ந்தால் தெரிந்துவிடும் என்கிற திமிர்.

அன்றிலிருந்து மனசு உன்னை விட்டு இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. உன் அண்ணனையும் உன்னையும் அந்தப் பாக்கெட்டுகளில்தானே வளர்த்தேன். நாலாம் வகுப்பில் உங்கள் டீச்சர் சுற்றுலாவில் கொடுத்த பொட்டலத்தை நீ தொடவில்லையாம், இதை எங்கம்மா முகர்ந்து பாத்தாங்களா என்று கேட்டாயாம், டீச்சர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. இப்போதுதான் புரிகிறது, இத்தனை வருஷம் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது என் மூக்கினால் இல்லை, ஏதோ நம் நல்ல நேரம். போன கடிதத்தில் நீ எழுதியதைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். பெட்டி வந்தது, உன் தேதியைப் பார்த்ததும் வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது, நீ போட்ட தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறேன், எங்கம்மா எழுதினால் எழுதினதுதான் என்று மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அச்சடித்த தேதி முடிந்துவிட்டதே என்று அவர்களில் யாராவது யோசித்திருந்தால்கூட, நீ அவர்களைச் சமாதானப்படுத்திச் சாப்பிட வைத்திருப்பாய்.

இனி நீ செய்ய வேண்டியது. தேதியைப் பாக்கெட்டின் ஒட்டின ஓரத்தில்தான் எழுதியிருக்கிறேன், அந்த மூலையை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால் உள்ளே இருப்பது வெளியே வராது. எல்லா மூலையையும் வெட்டி எடு. உப்பியிருக்கிற பாக்கெட் இருந்தால் அதை வெறுங்கையால் தொடாதே, வெட்டாதே, எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொள். எல்லாவற்றையும் தண்ணீர் எடுக்கிற இடத்துக்குத் தள்ளி, நாய் நரி தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். மூலைகளைப் போட அப்பா ஒரு சின்னத் துணிப்பை தைத்துக் கொடுத்திருக்கிறார், கடிதத்தோடு இருக்கும், சுருக்குக் கயிறு வைத்திருக்கிறார், மூலை காற்றில் பறந்துவிடக் கூடாதாம். டிரைவர் அங்கே ஒரு ராத்திரி தங்கித்தான் திரும்புவார், அவரிடம் கொடுத்தனுப்பு. மூலையையும் உப்பியதையும் கூட்டினால் நாற்பதில் எத்தனை குறைகிறதோ அத்தனையும் நீங்கள் சாப்பிட்டது. அதையும் எழுது, யார் எப்போது சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது, எல்லாம். அம்மா பயந்துவிடுவாள் என்று குறைத்து எழுதாதே. ஹாஸ்டலில் கை உடைந்ததை மாவுக்கட்டைப் பிரித்த பிறகு சொன்னவள் நீ, உன்னை எனக்குத் தெரியாதா. இன்னொன்று, லேப் பெண் அழுத்திச் சொன்னது, யாருக்காவது கண் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, நாக்கு குழறினாலோ, மருந்து மாத்திரை என்று தாமதிக்காமல் அதே லாரியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். வேலை போனால் போகிறது. மழையை வேறு யாராவது அளந்துகொள்வார்கள்.

புதுப் பெட்டி ஒன்று லாரியில் ஏற்றியிருக்கிறது, அறுபது பாக்கெட், கடையில் வாங்கியது, அச்சடித்த தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, பார்த்துக்கொள். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டி முடித்த பிறகு கை தானாக மார்க்கரைத் தேடிப் போனது, அப்பா அதை எடுத்துத் தன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அடுப்புச் சுவரை ஒட்டி அடுக்காதே, கதகதப்பாக இருக்கிறது என்று நீ அங்கேதான் எல்லாவற்றையும் வைப்பாய். திறந்ததை அந்த வேளையிலேயே முடித்துவிடு, தட்டைப் போட்டு மூடி வைத்துச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற புத்தி என்னிடமிருந்து வந்தது, அதை இத்தோடு விடு. இடிபட்டு மடங்கியது, எண்ணெய் கசிந்தது, உப்பியது எதுவானாலும் யோசிக்காமல் வீசு. வீணாகிறதே என்று தோன்றும், தோன்றட்டும்.

என் வேலை போகவில்லை. சாம்பிள் அறையிலிருந்து மாற்றிப் பாக்கெட் கட்டுகிற இடத்தில் கடைசியில் உட்கார வைத்திருக்கிறார்கள், மிஷின் அச்சடிக்கிற தேதி தெளிவாக விழுகிறதா என்று பார்க்கிற வேலை. அந்தத் தேதியைத்தான் இருபத்திரண்டு வருஷமாக, அது கடைக்காரனுக்கு, நமக்கில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எட்டு மணி நேரம் அதையே கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு உப்பு அக்காதான் மூத்தவள், யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறாளாம். டாக்டரிடம் போனோம், வந்தாலும் வரும் வராமலும் போகும், தினமும் காலையில் நாலு வாசனையை முகர்ந்து பழகுங்கள் என்றார். அப்பா எதிரில் உட்கார்ந்து, இது எலுமிச்சை, இது கிராம்பு, நல்லா நினைச்சுப் பாரு என்று பாடம் நடத்துகிறார். அவருக்குக் கிராம்புக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம். அவருக்கு அன்று சாப்பிட்ட ஒரு வாய்க்கு இரண்டு நாள் வயிற்றோட்டம், எனக்கு மூன்று நாள், இப்போது இருவரும் தேறிவிட்டோம். உன் அண்ணன் நேற்று வந்து, சாப்பிடும் முன் முதல் தடவையாகப் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன்கூட இருக்கும் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும், அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே போ, ஈரச் சாக்ஸை மாட்டாதே. நாற்பது மூலை, மறக்காதே. பை வந்து சேரும் வரை வாசலில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பெட்டியில் பாக்கெட்டுகளுக்கு நடுவில் உன் பழைய நீல ஸ்வெட்டரை வைத்திருக்கிறேன். அலமாரியில் ஒரு வருஷமாகக் கிடந்தது, மக்கின வாடை அடிக்கிறதா, பூச்சி உருண்டை வாடை அடிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, எத்தனை தடவை முகத்தில் வைத்துப் பார்த்தாலும் கம்பளி குத்துவது மட்டும்தான் தெரிகிறது. அப்பாவிடம் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, நம்ம வீட்டு வாசனைதான் அடிக்குது என்றார். அவர் சொன்னதை நம்பி வைத்திருக்கிறேன். சரியா என்று நீ முகர்ந்து பார்த்து எழுது.